அண்ணே, என் வெப்சைட்டைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க: அறிகுறி பாத்து பிழை பிடிக்கிற வழி

தடைக்காலம் வந்தாலே என் வாட்ஸப்ல லிங்க்கா வந்து குவியும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நேரம் பாத்து காலேஜும் லீவு விட்ருவாங்க, அப்பா திண்ணைல உக்காந்து வலைக் கிழிசல் முடிஞ்சுக்கிட்டு இருப்பாரு, மகன் உள்ள லேப்டாப்பைத் தொறந்து யூடியூப் பாத்து ஹெச்டிஎம்எல் சிஎஸ்எஸ்னு கத்துக்கிட்டு ஒரு வெப்சைட் பண்ணிருவான். பண்ணிட்டு, "அண்ணே கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க"ன்னு லிங்க்கைத் தட்டி விட்ருவான்.

நான் ராமநாதபுரத்துல வீட்ல இருந்தே வெப் வேலை பாக்குறவன், அதனால அக்கம்பக்கத்துல யாரு வீட்டுப் பிள்ளை கோடிங் தொட்டாலும் கடைசில நம்மகிட்டதான் வந்து நிக்கும். இதுல ரெண்டு பேரைப் பத்தி அடிக்கடி சொல்லுவேன். ஒருத்தன் தங்கச்சிமடத்துத் தம்பி, அவங்க அத்தை நண்டும் கருவாடும் விக்கிறாங்க, அதுக்கு சைட் பண்ணான். இன்னொண்ணு கீழக்கரைப் பிள்ளை, மாமி போடுற தொதல்ங்கிற இனிப்புக்கு ஆர்டர் எடுக்க சைட் பண்ணுச்சு. அங்க அண்ணனைக் காக்கான்னு தான் கூப்பிடுவாங்க, அதனால அது வாய்ல நானும் காக்கா. ரெண்டு பேர் விஷயத்துலயும் நான் சொதப்பிருக்கேன், அது பின்னாடி வருது.

இது கோட் எழுதுற பிள்ளைகளுக்குன்னு எழுதல, அதைப் பாத்துச் சொல்ல வேண்டிய அண்ணன் அக்கா டீச்சர் ஆளுங்களுக்கு. முதல் விஷயம், லிங்க் வந்த உடனே கோடைத் தொறக்காதீங்க. போனை எடுங்க, அரைக்கிலோ நண்டு வாங்க வந்த ஆள் மாதிரி அந்த சைட்டுக்குள்ள போங்க. எந்த போன், எதை அமுக்குனீங்க, என்ன வரும்னு நெனச்சீங்க, என்ன வந்துச்சு, இம்புட்டையும் ஒரு தாள்ல எழுதிக்கோங்க. அறிகுறியை நீங்க சொல்லுங்க, காரணத்தை முடிஞ்ச மட்டும் அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்க விடுங்க. காரணம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், ஆனா அது உங்க பாக்கெட்ல இருக்கட்டும், அவன் ரெண்டு மணி நேரம் முட்டி மோதி நின்னா அப்ப எடுத்துக் குடுக்கலாம்.

லிங்க்கைத் தொட்டா ஒண்ணுமே தொறக்கல

லிங்க் 127.0.0.1:5500ன்னு ஆரம்பிச்சா சிரிச்சுத் தொலைக்காதீங்க, நம்ம எல்லாரும் ஒரு தடவை அனுப்பிருக்கோம். விஎஸ் கோட்ல (கோட் எழுதுற ஆப்) லைவ் சர்வர் போட்டா வர்ற விலாசம் அது, "இதே மிஷின்"னு அர்த்தம், உங்க போன்ல தொட்டா உங்க போனையே தேடும். தம்பிகிட்ட "உன் அத்தை போன்ல இதைத் தொறந்து காட்டு"ன்னு மட்டும் சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல அவனே "அண்ணே இது என் லேப்டாப்ல மட்டும்தான் வருதுண்ணே"ன்னு வருவான். அப்ப கிட்ஹப் பேஜஸ்ல (சைட்டை எல்லாரும் பாக்குற மாதிரி நெட்ல வைக்கிற இடம்) எப்படி ஏத்துறதுன்னு காட்டுங்க. ஏத்துன அடுத்த நொடியே வந்துராது, சில நேரம் பத்து நிமிஷம் வரைக்கும் ஆகும், அதையும் முன்கூட்டியே சொல்லிருங்க, இல்லேன்னா அந்தப் பத்து நிமிஷத்துல ஒழுங்கா இருந்த கோடைக் கலைச்சுப் போட்ருவான்.

லேப்டாப்ல படம் வருது, ஏத்துன பெறகு படம் வரல

இது தான் எனக்கு அதிகமா வர்ற கேஸு. உடைஞ்ச படம் மாதிரி ஒரு சின்ன ஐகான், பக்கத்துல "நண்டு"ன்னு எழுத்து, அதுவும் ஆல்ட், அதாவது படம் வரலேன்னா காட்டுற எழுத்து, எழுதிருந்தா தான்.

காரணம் பெரும்பாலும் மூணுல ஒண்ணா இருக்கும். முதலாவது, பெரிய எழுத்து சின்ன எழுத்து. கேமராவுல இருந்து வந்த ஃபைல் பேர்ல ஜேபிஜி பெரிய எழுத்துல இருக்கும், கோட்ல சின்ன எழுத்துல அடிச்சிருப்பான், விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணாத்தான் பாக்கும், கிட்ஹப் பேஜஸ் ரெண்டையும் வேற வேற ஃபைலாப் பாக்கும். ரெண்டாவது, படத்தோட பாதை சி டிரைவ்ல ஆரம்பிச்சு டவுன்லோட்ஸ் ஃபோல்டர் வரைக்கும் போகும், அந்த ஃபோல்டர் உலகத்துல அவன் லேப்டாப்ல மட்டும் தான் இருக்கு. மூணாவது கொஞ்சம் நுணுக்கமானது, பாதையோட முன்னாடி ஒரு சாய்கோடு போட்ருப்பான். லைவ் சர்வர்ல ப்ராஜெக்ட் ஃபோல்டர் தான் ஆரம்ப இடம் அதனால ஓடும், கிட்ஹப் பேஜஸ்ல ப்ராஜெக்ட் ஒரு உள் ஃபோல்டரா உக்காந்திருக்கும், முன்னாடி சாய்கோடு போட்டா அதைத் தாண்டி மேல போயி தேடும், கிடைக்காது.

எதுன்னு பிரிச்சுப் பாக்குறது சுலபம். படத்து மேல ரைட் கிளிக் பண்ணி அந்தப் படத்தை மட்டும் புது டேப்ல தொறக்கச் சொல்லுங்க, மேல வர்ற விலாசத்தை எழுத்து எழுத்தா வாசிக்கச் சொல்லுங்க. தங்கச்சிமடத்துத் தம்பி போன்ல எனக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டே வந்தவன் பாதில "ஓ"ன்னான், அம்புட்டுத்தான், நான் வாயே தொறக்கல.

பட்டனை அமுக்குனா ஒண்ணும் நடக்கல

இதுல கொஞ்சம் நிதானமா உக்காரணும், ஏன்னா "ஒண்ணும் நடக்கல"ங்கிறதுல மூணு விதம் இருக்கு, மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

லேப்டாப்ல எஃப்12 அமுக்கி கன்சோலை (ப்ரவுசர் பிழையை எழுதிக் காட்டுற கட்டம்) தொறந்து வச்சுக்கிட்டு பேஜை ரீஃப்ரெஷ் பண்ணச் சொல்லுங்க. சிவப்புல ஒரு வரி வந்து அதுல "நல்"னு (null, ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்) ஒரு வார்த்தை இருந்தா, பேஜை இயக்குற ஜாவாஸ்கிரிப்ட் கோட் பட்டனைத் தேடிருக்கு, பட்டன் கிடைக்கலன்னு அர்த்தம். ஏன் கிடைக்கலன்னு கேட்டா அதுக்கும் ரெண்டு பதில். ஒண்ணு, ஸ்கிரிப்ட் டேக் மேல ஹெட்ல இருக்கு, அது ஓடுற நேரத்துல பட்டன் பொறக்கவே இல்ல. இன்னொண்ணு, பட்டனுக்கு வச்ச ஐடி பேர்ல எழுத்துப்பிழை. எப்படிப் பிரிக்கிறதுன்னா, பேஜ் முழுசா வந்த பெறகு அதே தேடுற வரியை மட்டும் கன்சோல்ல ஒட்டி என்டர் தட்டச் சொல்லுங்க. இப்ப பட்டன் கிடைச்சா நேரப் பிரச்சனை, ஸ்கிரிப்ட் டேக்ல டிஃபர்னு ஒரு வார்த்தை சேத்தா முடிஞ்சுது. இப்பவும் நல்னு வந்தா பேர்ப் பிரச்சனை, ரெண்டு பக்கமும் ஐடியை ஒத்துப் பாக்கணும். இந்த ஒரு சோதனையை ஒரு பிள்ளைக்குக் கத்துக் குடுத்தா அது பத்து தடவை உங்களைக் கூப்பிடாது, நான் பாத்துட்டேன்.

ரெண்டாவது விதம், சிவப்பு வரில நல்னு இல்லாம ஸ்கிரிப்ட் ஃபைல் பேரோட 404ன்னு இருந்தா, அந்த ஃபைலே வந்து சேரலன்னு அர்த்தம், பக்கத்துல நெட்வொர்க் டேப்லயும் அது தெரியும், மேல படத்துக்குச் சொன்ன கதையே தான்.

மூணாவது விதம் தான் பிள்ளைகளை ரொம்பக் குழப்பும். அமுக்குனா பேஜ் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டும், போட்ட கணக்கெல்லாம் காலியாயிரும். கீழக்கரைப் பிள்ளைக்கு இதுல ரெண்டு நாள் போச்சு. பட்டன் ஃபார்முக்கு உள்ள இருந்தா, நீங்க வேற எதுவும் சொல்லலேன்னா, அது சப்மிட் பட்டன் தான். அமுக்குன உடனே ஃபார்மை அனுப்பி பேஜைத் திருப்பி லோட் பண்ணிரும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடத்தான் செஞ்சிருக்கு, ஓடி முடிஞ்ச சூட்டுல அழிஞ்சிருக்கு. டைப் பட்டன்னு போட்டாலும் சரி, ப்ரிவென்ட் டிஃபால்ட் போட்டாலும் சரி. இதை மட்டும் நான் காரணத்தையும் சேத்தே சொல்லிருவேன், ஏன்னா தானாக் கண்டுபிடிக்கிறதுக்கு இதுல ஒரு தடயமும் இருக்காது, சும்மா போட்டு வதைக்கிற மாதிரி ஆயிரும்.

ரெண்டு கிலோ நண்டு எழுபதாயிரத்து அம்பது ரூவா

தம்பி சைட்ல கிலோ 350னு போட்ருந்தான். 2 கிலோ போட்டேன், 700 சரியா வந்துச்சு. டெலிவரிக்கு 50 ரூவா டிக் பண்ணேன், 70050னு வந்து நின்னுச்சு. இலங்கைக்கு டெலிவரி பண்ணாக்கூட அம்புட்டு ஆகாது.

இன்புட் பெட்டில இருந்து வர்றது எல்லாமே எழுத்து தான், நம்பர் இல்ல. பெருக்கல் போட்டா ஜாவாஸ்கிரிப்ட் பெரிய மனசு பண்ணி அதை நம்பரா மாத்திக்கும், அதனால 2 பெருக்கல் 350 சரியா வந்துரும். கூட்டல் குறிக்கு மட்டும் ரெண்டு வேலை, நம்பரைக் கூட்டவும் செய்யும் எழுத்தை ஒட்டவும் செய்யும், ஒரு பக்கம் எழுத்து இருந்தாலே ஒட்டிரும். அதனால தான் இந்தப் பிழை பாதி வழி வரைக்கும் ஒளிஞ்சிருந்துட்டு டெலிவரி சேக்கும்போது வெளிய வருது. பையன் "பெருக்கல் சரியா வருதுண்ணே, அப்ப என் கணக்கு சரிதானே"ன்னு சண்டைக்கு வருவான். சண்டை போடாதீங்க, கன்சோல்ல டைப்ஆஃப் போட்டு கிலோ பெட்டி, டெலிவரி பெட்டி ரெண்டுல இருந்தும் வர்ற மதிப்பைப் பாக்கச் சொல்லுங்க. ஸ்ட்ரிங்னு, அதாவது எழுத்துன்னு வரும். உள்ள வாங்குற இடத்துலயே நம்பரா மாத்தணும்னு அவனுக்கே தோணும்.

இங்கயே இன்னொண்ணையும் அமுக்கிப் பாத்துருங்க, பெட்டில மைனஸ் 3 கிலோ போடுங்க. நாங்க போட்டோம், அத்தை எங்களுக்கு 1050 ரூவா தர வேண்டியதுன்னு காட்டுச்சு.

ஜூன் மாசம் மே மாசமா தெரியுது

தடை முடிஞ்சு படகு போயிட்டு வந்து ஜூன் 16 காலைல இறங்குன மீனுக்கு விலை போட்டு வச்சிருந்தான், தலைப்பு "இன்றைய விசைப்படகு மீன் விலை", பக்கத்துல தேதி 16/5. மே மாசம் 16ஆம் தேதி விசைப்படகு மீன் எப்படிடா வந்துச்சு, ஆஃபீஸர் யாராச்சும் பாத்தா உன் அத்தையைத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்கன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான், ஆனா காரணம் புரியல.

ஜாவாஸ்கிரிப்ட் மாசத்தை பூஜ்யத்துல இருந்து எண்ணும், ஜனவரி 0, ஜூன் 5. நாளை மட்டும் 1ல இருந்து எண்ணும். என்னத்த நியாயம்னு கேக்காதீங்க, 1995ல பிரெண்டன் ஐக் பத்து நாள்ல எழுதுன மொழி அது, தேதி சமாச்சாரத்தை ஜாவால இருந்து அப்படியே தூக்கிட்டு வந்தாங்க, ஜாவால இருந்த கோணலும் கூடவே வந்துருச்சு. மாசத்தோட ஒண்ணு கூட்டிக்கணும். இந்த மாதிரிப் பிழைக்கு "இது உன் தப்பு இல்ல, மொழியோட கோணல்"னு பிள்ளைகிட்ட வாய் விட்டுச் சொல்லிருங்க. எல்லாமே தன் தப்புன்னு நெனச்சுக்கிட்டு எத்தனையோ பேர் கோடிங்கை விட்டுட்டுப் போயிருக்காங்க.

போன்ல பாத்தா பேஜ் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுது

முதல்ல, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி குட்டியாத் தெரியுதா? அப்ப வியூபோர்ட் மெட்டா டேக் இல்ல. அது இல்லேன்னா போன் ப்ரவுசர் நம்ம பேஜை 980 பிக்சல் அகலத்துக்கு விரிச்சு வச்சு, அப்புறம் சின்னத் திரைல அடங்குற மாதிரி சுருக்கிக் காட்டும். டேக்கைப் போட்டாச் சரி.

எழுத்து சரியா இருக்கு, ஆனா விரலை வச்சு இழுத்தா வலது பக்கம் வெள்ளையா ஒரு சந்து தெரியுதுன்னா, ஏதோ ஒண்ணு திரையை விட அகலமா உக்காந்திருக்கு. எதுன்னு தேடுறதுக்கு எல்லா எலிமென்ட்டுக்கும் சிவப்பு அவுட்லைன் ஒரு பிக்சல் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, எது வெளிய நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு கண்ணுக்கே தெரியும். பார்டர் போடாதீங்க, அது இடத்தை அடைச்சுக்கும், அவுட்லைன் இடம் எடுக்காது. பெரும்பாலும் 1200 பிக்சல்னு அகலம் குடுத்த பேனரா இருக்கும், இல்ல மேக்ஸ்-விட்த் (இதுக்கு மேல அகலம் போகாதங்கிற வரம்பு) குடுக்காத படமா இருக்கும். நம்ம ஊர் சைட்ல இன்னொரு காரணம் இருக்கு, நீளமான தமிழ் வார்த்தை. "நெத்திலிக்கருவாட்டுப்பொட்டலம்"னு பெரிய தலைப்பு எழுத்துல சேத்து அடிச்சு வச்சிருந்தான், குட்டி போன்ல அந்த ஒரு வார்த்தையே திரையைத் தாண்டிப் போச்சு. ஓவர்ஃப்ளோ-ராப் போட்டா மடிஞ்சுக்கும், இல்ல ரெண்டு வார்த்தையாப் பிரிச்சு எழுதுனா இன்னும் நல்லது.

பிள்ளைக இதுக்கு நெட்ல தேடி பாடிக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் போட்டுட்டு "சரியாயிருச்சுண்ணே"ன்னு வருவாங்க. வத்தைப் படகுல ஓட்டை விழுந்த இடத்துல சாக்கை விரிச்சு மூடுன மாதிரி தான் அது. நீட்டிக்கிட்டு இருந்த பட்டன் இப்ப கண்ணுக்கே தெரியாமப் போயிருக்கும்.

சிஎஸ்எஸ்ல என்ன மாத்துனாலும் மாறல

பாடிக்கு பேக்ரவுண்ட் சிவப்பு குடுக்கச் சொல்லுங்க. சிவப்பு வரலேன்னா ஒண்ணு சேவ் பண்ணல (விஎஸ் கோட் டேப்ல ஒரு புள்ளி நிக்கும்), இல்ல ப்ரவுசர் பழைய ஃபைலைப் பிடிச்சு வச்சிருக்கு, கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் தட்டணும், இல்ல "ப்ராஜெக்ட் ஃபைனல் 2"ங்கிற ஃபோல்டர்ல மாத்திக்கிட்டு "ப்ராஜெக்ட் ஃபைனல்"ஐ பாத்துக்கிட்டு இருக்கான். கடைசியா சொன்னது தான் அதிகம். சிவப்பு வந்துருச்சுன்னா அப்புறம் செலக்டர் சண்டை, அதாவது ஒரே எலிமென்ட்டுக்கு எழுதுன ரெண்டு வரி மோதி ஒண்ணு தோத்துருச்சு, ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட்ல அடிச்சுக் கோடு போட்ட வரியைக் காட்டுங்க.

விலையை மாத்துறான், அவன் லேப்டாப்ல மட்டும் மாறுது

தம்பி ஒரு அட்மின் பேஜ் பண்ணிருந்தான், பாஸ்வேர்ட் போட்டு உள்ள போயி அன்னைய விலையை மாத்தலாம். பெருமையா போன்ல காட்டுனான். ராமேஸ்வரத்துல இருக்குற அத்தை போன்ல பழைய விலையே நிக்குது. அவன் லோக்கல்ஸ்டோரேஜ்ல வச்சிருந்தான், அது அந்தந்த ப்ரவுசருக்குள்ளயே இருக்கிற சுருக்குப்பை, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. கிட்ஹப் பேஜஸ்ல பின்னாடி சர்வரும் கிடையாது, எழுதி வச்ச ஃபைலைக் குடுக்கும், அம்புட்டுத்தான்.

இந்த இடத்துல நம்மாளுங்க பண்ற தப்பு, "இதுக்கு நீ நோட் ஜேஎஸ் படிக்கணும், டேட்டாபேஸ் படிக்கணும்"னு ஒரு வருஷத்துப் பாடத்தைத் தலைல கொட்டிர்றது. அன்னைக்குத் தேவை என்னன்னா அத்தைக்கு விலை மாறணும், ஆர்டர் வரணும். விலையை ஒரு தனி ஃபைல்ல வச்சு தினம் வெள்ளன அதை மாத்தி ஏத்திருன்னேன், ஆர்டருக்கு வாட்ஸப் லிங்க் போட்ருன்னேன், நண்டு ரெண்டு கிலோன்னு மெசேஜே தயாரா வந்து நிக்கும். அத்தை தினம் பாக்குறது வாட்ஸப் தானே.

பாஸ்வேர்ட் விஷயத்தை மட்டும் தள்ளிப் போடாதீங்க. அது ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்லயே இருந்துச்சு, பேஜ் சோர்ஸைப் பாக்குற யாரும் வாசிச்சுக்கலாம். அதை விட மோசம் ஏதாச்சும் சேவையோட கீயை (அந்தச் சேவையைத் தொறக்குற ரகசியக் குறி) கிட்ஹப்ல எல்லாரும் பாக்குற ரெப்போல, அதாவது ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல, ஏத்திர்றது. அடுத்த கமிட்ல (மாத்தத்தைக் குறிச்சு சேத்து வைக்கிற பதிவு) அழிச்சாலும் பழைய கமிட்ல கிடக்கும், அதனால அந்தக் கீயையே ரத்து பண்ணிட்டுப் புதுசு எடுக்கச் சொல்லணும். இது ஒண்ணுல தான் நான் சுத்தி வளைக்காம, "இன்னைக்கே பண்ணு, காரணம் அப்புறம் சொல்றேன்"ம்பேன்.

தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்

பொருள் லிஸ்டை டிடிபி கடைல அடிச்சு வாங்கிருப்பாங்க, பாமினிங்கிற பழைய ஃபான்ட்ல. பாமினி எழுத்து உள்ளுக்குள்ள இங்கிலீஷ் எழுத்து தான், மேல தமிழ் வேஷம். யூனிகோடுக்கு மாத்துற கன்வர்ட்டர்ல போட்டு எடுத்து ஒட்டணும், மாத்துன பெறகு ஒரு தடவை வாசிச்சுப் பாக்கணும். கூடவே மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 ஹெட்ல மேலயே இருக்கான்னும் பாத்துருங்க.

வீட்ல நல்லா வருது, கடற்கரைல ஒண்ணும் தெரியல

இந்தச் சோதனையைச் சென்னைல உக்காந்து பாக்குறவன் பண்ண மாட்டான், நம்ம பண்ணலாம். மத்தியானம் பன்னண்டு மணிக்கு பாம்பன் பக்கம் கடற்கரைல நின்னு போனைத் தொறங்க. தம்பி சைட்ல வெள்ளை மேல வெளிறுன சாம்பல் கலர்ல விலை போட்ருந்தான், வெயில்ல வெறும் வெள்ளைத் தாளாத்தான் தெரிஞ்சுது. சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1னு கான்ட்ராஸ்ட் இருக்கணும்கிறது வெப் தரத்துல உள்ளது, இன்ஸ்பெக்ட்ல கலர் கட்டத்தைத் தொட்டா அந்த நம்பரைக் காட்டும். நான் நம்பரைச் சொல்லல, அவனையே கூட்டிட்டுப் போயி வெயில்ல நிப்பாட்டிட்டேன்.

அதே இடத்துல சிக்னலும் சில நேரம் ஒத்தைக் கோடா நிக்கும், தனுஷ்கோடிப் பக்கம் போனா அதுவும் சந்தேகம். அவன் போட்ருந்தது 14 படம், எல்லாம் போன் கேமரால எடுத்தது, ஒவ்வொண்ணும் 4000 பிக்சல் அகலம், நாலு எம்பி, திரைல காட்டுறதோ 300 பிக்சல்ல. ஒரு நண்டுப் படத்துக்காக 56 எம்பியை இழுக்குது. படத்தைச் சுருக்கி வெப்பி ஃபார்மட்ல போட்டான், எல்லாம் சேத்து ஒரு எம்பிக்குள்ள வந்துச்சு. படத்துக்கு அகலம் உயரம் எழுதி வைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா படம் ஒவ்வொண்ணா வரும்போது பேஜ் குதிக்கும். கணவாயை அமுக்கப் போயி எனக்கு சூடைக் கருவாடு ஆர்டர் ஆச்சு.

முகப்புல பழைய பாலம்

கோட் பிழை இல்ல, ஆனாலும் சொல்லணும். முகப்புல பாம்பன் பாலம், 1914ல தொறந்த பழசு, அதுல ரயில் போற மாதிரி படம், கூகுள்ல இருந்து எடுத்தது. 2025 ஏப்ரல் 6ல இருந்து ரயில் புதுப் பாலத்துல ஓடுது, நடுத்தட்டு செங்குத்தா மேல தூக்குற பாலம், பையன் தினம் பாக்குறான், ஆனா சைட்ல பழசு. "யாரு எடுத்த படம்டா இது"ன்னு கேட்டேன், தெரியலன்னான். அடுத்தவன் எடுத்த படத்தைக் கேக்காமப் போட்டா அவன் தூக்கச் சொல்லுவான்னு சொன்னேன். பைக்கை எடுத்துட்டுப் போயி அவனே ஒண்ணு எடுத்துட்டு வந்தான், கொஞ்சம் சாஞ்சிருக்கு, இருக்கட்டும்.

"சரிண்ணே சரிண்ணே"ம்பான், ஒண்ணும் மாத்த மாட்டான்

இனிமே வர்ற அறிகுறி எல்லாம் பிள்ளைககிட்ட தெரியும், கோளாறு நம்மகிட்ட இருக்கும்.

தம்பிக்கு முதல் தடவை நான் 23 குறை எழுதி அனுப்புனேன், நம்பர் போட்டு. "சரிண்ணே"ன்னான். ரெண்டு வாரம் ஆச்சு, ஒரு வரி மாறல. அம்புட்டையும் பாத்து எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம லேப்டாப்பை மூடி வச்சுட்டான்னு அவங்க அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ஒரு தடவைக்கு மூணுக்கு மேல சொல்றது இல்ல. எது முதல்லன்னா, பணமும் பாதுகாப்பும் முன்னாடி, சைட்டைப் பயன்படுத்த முடியாம நிப்பாட்டுறது அடுத்து, அழகு கடைசி. இன்டென்ட் சரியில்ல, வேரியபிள் பேர் சரியில்லங்கிறதெல்லாம் மூணாவது ரவுண்டுக்கு மேல.

அனுப்புற விதமும் மாறுச்சு. முன்னாடி "கணக்கு எல்லாம் தப்பு, டைப் கன்வர்ஷன் படி"ன்னு எழுதுவேன். இப்ப எழுதுறது இப்படி: "தம்பி, ரெட்மி போன், குரோம். நண்டு 2 கிலோ போட்டேன், 700 சரியா வந்துச்சு. டெலிவரி டிக் பண்ணேன், 750 வரும்னு நெனச்சேன், 70050 வந்துச்சு. டிக்கை எடுத்தா திரும்ப 700." இதுல அவனைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்ல, சைட்டைப் பத்தி மட்டும் தான் இருக்கு, அவனுக்கும் ரோஷம் வர வழியில்ல. நல்லா இருக்கறதையும் இதே மாதிரி குறிச்சுச் சொல்லுங்க. "சூப்பர்டா"ன்னா அவன் அம்மாவும் சொல்லிருப்பாங்க. "கிலோவை மாத்துன உடனே பட்டன் அமுக்காமலே தொகை மாறுது, அது எனக்கு வசதியா இருந்துச்சு"ன்னா அடுத்த சைட்லயும் அதைப் பண்ணுவான்.

பிள்ளை பேச்சே நின்னு போச்சு

இது கீழக்கரைப் பிள்ளை. தொதல் சைட்டை அனுப்புச்சு, எனக்கு அன்னைக்கு ராத்திரி வேலை இல்ல, உக்காந்து முழுசையும் திருத்தி எழுதி, கிரிட் போட்டு, கலரை மாத்தி, விடியக்காலைல ஜிப் ஃபைலா அனுப்பிட்டேன். பெரிய உதவி பண்ணிட்டோம்னு ஒரு நெனப்பு. "ரொம்ப நல்லாருக்கு காக்கா"ன்னு ஒரு மெசேஜ், அதுக்கப்புறம் மூணு மாசம் சத்தமே இல்ல.

பெறகு ஒரு நாள் ராம்நாடு பஸ் ஸ்டாண்டுல பாத்தப்ப கேட்டேன். "அது உங்க சைட் மாதிரி ஆயிருச்சு காக்கா, மாமி விலையை மாத்தச் சொன்னாங்க, எங்க மாத்துறதுன்னே எனக்குத் தெரியல"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து அதோட பழைய ஃபைலைத் தேடி எடுத்து அதையே திருப்பி அனுப்புனேன், மூணே மூணு அறிகுறி மட்டும் எழுதி. அன்னைக்குத் தான் கவனிச்சேன், பழைய கோட்ல அது டெலிவரி ஊரை வச்சு எத்தனை நாள்ல போய்ச் சேரும்னு ஒரு சின்ன கணக்கு எழுதி வச்சிருந்துச்சு, நான் திருத்துறேன்னு சொல்லி அதைத்தான் முதல்ல அழிச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் அடுத்தவங்க கீபோர்டைத் தொடுறது இல்ல. ஸ்க்ரீன் ஷேர்ல உக்காந்தாலும் அவங்க அடிக்கணும், நான் கையைக் கட்டிக்கிட்டு இருக்கணும். கஷ்டமா இருக்கும், நாக்கு நுனில பதில் நிக்கும், ஒரு டீயைக் கையில வச்சுக்கோங்க.

கோட் பளபளன்னு இருக்கு, ஒரு வரிக்கும் விளக்கம் வரல

சாட்ஜிபிடி எழுதுனது. திருட்டைப் பிடிச்ச மாதிரி பேசாதீங்க, நம்மளும் அதைத் தொடாம ஒரு நாள் ஓட்டுறது இல்ல. ஒரு சின்ன மாத்தம் கேளுங்க, "விலை குறைஞ்சது முதல்ல வர்ற மாதிரி அடுக்கித் தா, இங்கயே இப்பவே, என் முன்னாடி". எங்க கை வைக்கிறான்னு பாருங்க. சரியான ஃபங்ஷனைத் தொறந்தான்னா எவன் எழுதுனா என்ன, அவனுக்குப் புரிஞ்சிருக்கு. மேல கீழ ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே இருந்தான்னா, அந்த ஃபைல்ல அவனுக்குப் புரியுற ஒரே ஒரு ஃபங்ஷனைப் பிடிச்சு அதை அழிச்சுட்டு தானா எழுதிப் பாக்கச் சொல்லுங்க.

ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு ஒடையுது

கிட்ல (கோட் மாத்தங்களைக் குறிச்சு வைக்கிற கருவி) ஒரே ஒரு கமிட் தான் இருக்கும், பேரு "ஃபைனல்". ஒவ்வொரு அறிகுறியைத் தொடுறதுக்கு முன்னாடியும் ஒரு கமிட், சரியான பெறகு ஒரு கமிட், மெசேஜ்ல அந்த அறிகுறியையே எழுதச் சொல்லுங்க. தமிழ்ல எழுதுனாலும் கிட் ஒண்ணும் சொல்லாது. தங்கச்சிமடத்துத் தம்பியோட கமிட் லிஸ்ட்ல இப்ப மேல இருந்து மூணு வரி: "மைனஸ் கிலோ போட்டா ஏத்துக்காது", "வெயில்ல விலை தெரியுது", "மே மாசத்துல மீன் வராது".